மூத்த மாப்பிள்ளையின் சாவி

என் பெரிய அத்தானைக் கடைசல் பட்டறையில் 'நூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் நூல் மாதிரி இருக்க மாட்டார். வாசற்படியில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. செய்த சாமானில் ஒரு நூல் அளவு கூடக்குறைய வந்துவிட்டால் அதைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, புது இரும்பை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். முதலாளியே "பரவாயில்ல, அனுப்பிடு" என்று சொன்னாலும் அனுப்ப மாட்டார். அப்படி வந்த பெயர்.

அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையானதே அப்பாவின் மோட்டார் சைக்கிளால்தான். பெரிய அக்காவைப் பேசி முடிக்க அவர் வீட்டார் வந்திருந்த அன்று, பின்னால் வந்த அவருடைய பெரியப்பாவைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துவர அப்பா வண்டியை உதைத்தார். உதைத்தார், உதைத்தார், வண்டி இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சலவைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஒட்டிக்கொண்டிருந்த மிதவையை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, திரும்ப மாட்டினார். அடுத்த உதையில் வண்டி உயிர் பெற்றது. அப்பா உள்ளே போய் அம்மாவிடம், பையனைப் பற்றி இனி யாரிடமும் விசாரிக்க வேண்டாம் என்றார். அக்காவைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் அந்த நேரம் ஜன்னல் வழியாக, வெள்ளைச் சட்டையில் ஏறிய எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் துவைக்கப்போவது தான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் அப்பா வண்டியின் இரண்டாவது சாவியை அவர் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து வாங்கிய வேறு எதையும் அத்தான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தச் சாவியை மட்டும் வளையத்தில் பட்டறைச் சாவிக்கும் வீட்டுச் சாவிக்கும் முன்னால் கோத்து இடுப்பில் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். வண்டியைக் கழுவுவார், சங்கிலிக்கு எண்ணெய் விடுவார், திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் கூட எங்கள் நெஞ்சில் குழாயை அவ்வளவு நேரம் வைத்ததில்லை. அப்பாவுக்கு ஆடு வாங்கி விற்கும் தொழில். திங்கள்தோறும் சந்தை, மற்ற நாட்களில் ஊர் ஊராக அலைச்சல். வண்டி நின்றால் வீடு நின்றுவிடும். வாசலில் நின்று அவர் "மாப்ள" என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்க ஒரே ஆள்தான் இருந்தார்.

சின்ன அக்காவுக்குக் கல்யாணமான பிறகு இரண்டு தலை திரும்பியது.

சின்ன அத்தானுக்குக் கடைகளிலும் வீடுகளிலும் கேமரா மாட்டும் வேலை. வாய் நிறையப் பேச்சு, பை நிறைய ஒயர். வந்த முதல் வாரமே எங்கள் வீட்டு அழைப்பு மணியைப் பாட்டுப் பாட வைத்தார். அடுத்த வாரம் அம்மாவின் மிக்ஸிக்கு மறுபிறவி கொடுத்தார். அம்மா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரிய அத்தான் சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு தடவை அவர் என்னிடம் மெல்லக் கேட்டார், அந்த மிக்ஸி முன்பைவிடச் சத்தம் போடுகிறதா இல்லையா என்று. போடவில்லை. நான் "கொஞ்சம்" என்றேன். அன்று முழுக்க அவர் முகம் தெளிவாக இருந்தது.

இப்படி இருக்கும்போது அப்பா ஒருநாள் சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மா அதற்கே சட்டம் போட்டுவிட்டாள்: இனிமேல் நாற்பதுக்கு மேல் வண்டி போகக்கூடாது. அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் நாற்பதில் போகிறோம் என்பது எப்படித் தெரியும்? வேகம் காட்டும் முள் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பூஜ்யத்தில் படுத்துவிட்டது. முன்சக்கரத்துக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்து, மீட்டருக்குப் போகிற கேபிளும் அறுந்துபோயிருந்தது. அந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை.

பெரிய அத்தான், நானே கடைந்து தருகிறேன் என்றார். கடைந்தார். வேறு வண்டியின் கேபிளை வெட்டிப் பொருத்தினார். ஒரு வாரம் ஓடியது, பல் மழுங்கியது. வேறு உலோகத்தில் இன்னொன்று கடைந்தார். அது கேபிளைத் தின்றது. மூன்றாவதைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் சின்ன அத்தான் சாதாரணமாகச் சொன்னார்: பல்லும் வேண்டாம், கேபிளும் வேண்டாம், எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டிவிடலாம். சக்கரத்தில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சென்சார் எண்ணும். சக்கரத்தின் சுற்றளவைச் சொல்லிவிட்டால் மீட்டரே வேகத்தைக் கணக்குப் போடும்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "தேயுற சமாச்சாரமே கெடையாதா?"

"ஒண்ணையொண்ணு தொடவே தொடாது மாமா. அப்பறம் எங்க தேயறது?"

அப்பா பெரிய அத்தானைப் பார்த்து, "கேட்டீங்களா மாப்ள, தொடவே தொடாதாம்" என்றார். பெரிய அத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சின்ன அத்தான் பெட்டியோடு வந்தார். சென்சாரை முன்கம்பியில் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப் வேண்டியிருந்தது. "அண்ணே, சின்னதா ஒரு கிளாம்ப் மட்டும் செஞ்சு குடுத்துடுங்க" என்று வாரத்தின் நடுவிலேயே போன் செய்திருந்தார். அந்த 'மட்டும்' பெரிய அத்தானுக்குள் முள்ளாகத் தைத்தது என்பது எனக்குத் தெரியும். பட்டறையில் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனாலும் அவர் கொண்டுவந்த கிளாம்ப், வண்டி பிறக்கும்போதே கூடப் பிறந்தது போல உட்கார்ந்தது. சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு பழைய பிளேடு நுழையும் இடைவெளி. சின்ன அத்தான் சக்கரத்தின் நடுக்குடத்தில் காந்தத்தை ஒட்டினார். பெட்டியில் இரண்டு காந்தம் இருந்தது. மிச்சத்தை, "பட்டறையில ஊசி கீசி பொறுக்க உதவும், வச்சுக்கோங்கண்ணே" என்று பெரிய அத்தானிடம் நீட்டினார்.

பிறகு சுற்றளவு அளக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஓட்டுகிறவரே உட்கார வேண்டும் என்று அப்பாவை ஏற்றி உட்கார வைத்தார்கள். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒன்று. கோடு சுற்றி மறுபடி தரையைத் தொடும் இடம் வரை உருட்ட வேண்டும். பெரிய அத்தான் தள்ளினார். டேப் பிடித்தது சின்ன அத்தான். அப்பா குதிரையில் ஊர்வலம் போகிறவர் மாதிரி தெருவில் போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார். பிரேக்கைப் பிடித்தார், விட்டார், இன்னொரு தரம் உருட்டுங்கள் என்றார். வாசல் முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள். கடைசியில் நூற்றித் தொண்ணூறு சென்டிமீட்டர் என்று மீட்டரில் ஏற்றினார்கள். வண்டி தெருமுனை வரை போய் வந்தது. நீல நிறத்தில் பெரிய பெரிய எண்கள் ஏறின, இறங்கின.

அன்றிலிருந்து அப்பா ஆள் பிடித்து வந்து காட்ட ஆரம்பித்தார். "சின்ன மாப்ள வச்சது" என்பார். கிளாம்ப் யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் வாங்கியவன் நான். அங்கி போட்டு எடுத்த என் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட மீட்டர் பார்க்க வந்த கூட்டம் பெரிது. ஆகவே பெரிய அத்தானின் வயிற்றெரிச்சல் எந்தச் சூட்டில் இருந்திருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு வண்டி கழுவும்போது அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். சட்டைப் பையிலிருந்த மிச்சக் காந்தத்தை எடுத்து, முதல் காந்தத்துக்கு நேர் எதிரே, குடத்தில் ஒட்டினார். மேலே கறுப்பு மை தடவி, அதன் மேல் கொஞ்சம் சேறும் பூசினார். இப்போது ஒரு சுற்றுக்குச் சென்சார் இரண்டு முறை எண்ணும். இருபதில் போனால் நாற்பது காட்டும். ஒரே நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும், சின்ன மாப்பிள்ளையின் மீட்டர் பொய் என்று அப்பாவே கத்துவார், பல்சக்கரத்தை மறுபடி கேட்பார் என்பது அவர் கணக்கு.

அப்பா கத்தவில்லை. மீட்டரை அவர் அவ்வளவு நம்பினார். திங்கட்கிழமை சந்தைக்கு நாற்பதைத் தாண்டாமல் போனார், நாற்பதைத் தாண்டாமல் திரும்பினார். ஆடு வாங்க வந்தவர்கள் பாதிப் பேர் போன பிறகுதான் சந்தைக்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரம் இப்படியே போனது. வீட்டில் அப்பாவின் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பட்டறைக்கே போய்ப் பெரிய அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். முன்னெல்லாம் நாப்பதுல போனா கண்ணுல தண்ணி வரும். இப்ப காத்தே தெரிய மாட்டேங்குது. சைக்கிள்ல போறவன் என்னைத் திரும்பிப் பாத்துட்டுத் தாண்டிப் போறான். எனக்குத்தான் உடம்பு மரத்துப் போச்சு."

அத்தான் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாவே தொடர்ந்தார். வண்டியைச் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம். கருவியெல்லாம் அவர் வைத்ததுதானே, அவர் பார்த்துக்கொள்வார். அடுத்து வீட்டுக்கு வரும்போது அந்த இரண்டாவது சாவியை மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்.

அப்பா போன பிறகு அத்தான் ஓடிக்கொண்டிருந்த கடைசல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். தான் வெட்டிய குழியில் தன் வண்டியே விழுந்துவிட்டது. அதைவிட, அந்த மனுஷர் "மரத்துப் போச்சு" என்று சொல்லிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவரைச் சாப்பிட விடவில்லை.

ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தார். கழுவுகிற சாக்கில் இரண்டாவது காந்தத்தைப் பெயர்த்து எடுத்துப் பைக்குள் போட்டார், பசை தெரியாமல் சுரண்டினார். அப்பா சாவியைக் கேட்டார். இடுப்பிலிருந்து கழற்றிய வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே அத்தான், இந்த ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் மாமா என்றார். அப்பா அரை மனதாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை அப்பா சந்தையிலிருந்து வந்த வேகத்தில் வாசலில் இருந்த கோழிகள் கூரைக்குப் போய்விட்டன. தலைமுடி பின்பக்கம் படிந்து கிடந்தது. கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. உள்ளே வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "நாப்பதைத் தாண்டல. சத்தியமா தாண்டல. ஆனா எனக்கு ஒண்ணுமில்லடி, நல்லாத்தான் இருக்கேன். காத்து அடிக்குது பாரு." வண்டி யாருக்கும் இல்லை என்று அன்றே அறிவித்தார். செய்தி கேட்டுப் பெரிய அத்தான் சாவி வளையத்தை மறுபடி இடுப்பில் மாட்டினார்.

நானும் அப்படியே நம்பியிருப்பேன். அந்த வார ஞாயிறு, பக்கத்து ஊரில் இரண்டு கிடாய் பார்க்க அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போனேன். கொஞ்ச தூரத்திலேயே என் கன்னம் காதுப் பக்கம் போக ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால் மீட்டர் முப்பத்தொன்பது. ஒரு கையால் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து வேகம் காட்டும் செயலியைத் திறந்தேன். எழுபத்தெட்டு. எனக்குக் கணக்குப் பாடம் என்றைக்கும் கைவிட்டதில்லை. சரி பாதி. வீடு திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பூச்சி போய்விடும்.

வீட்டில் இரண்டு அத்தான்களும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனை எல்லோருக்கும் காட்டினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா, போன்தான் தப்பு என்றார். பெரிய அத்தான் முகத்தில் ரத்தம் இல்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை. அதைவிடப் புரியாதது, சின்ன அத்தானின் முகத்திலும் இல்லை. பேச்சு நிற்காத மனிதர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். பெரிய அத்தான் கை கழுவ எழுந்தார். சின்ன அத்தானும் எழுந்தார். இருவரும் கை கழுவாமலேயே வண்டியிடம் போனார்கள். போனோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

சின்ன அத்தான்தான் தொடங்கினார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், மாமாகிட்டப் போட்டுக் குடுத்துடாதீங்க. போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இந்த மீட்டர்ல சுத்தளவைப் பாதியாக்கினேன்."

விஷயம் இதுதான். சந்தை நாளில் தன் ஸ்கூட்டரில் அப்பாவின் பின்னாலேயே வந்திருக்கிறார். இவர் மீட்டரில் இருபது. அப்பாவோ நாற்பதில் வந்தேன் என்கிறார். அளந்த அன்று அப்பா பேசிய பேச்சில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று உருட்டி அளந்துவிட்டோம் என்று பயந்துபோய், நூற்றித் தொண்ணூறைத் தொண்ணூற்றைந்தாக்கிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். இரண்டு காந்தமும் இருந்த அந்த ஒரு ராத்திரி மீட்டர் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பெரிய அத்தான் வந்து ஒன்றைப் பெயர்த்துவிட்டார்.

பெரிய அத்தான் பைக்குள் கைவிட்டார். காந்தத்தை எடுத்து வண்டி இருக்கையின் மேல் வைத்தார். "நீங்க ஒழுங்காத்தான் அளந்தீங்க சகல. கெடுத்தது நான்."

சின்ன அத்தான் அதைப் பார்த்தார். குனிந்து குடத்தைப் பார்த்தார். பசை இருந்த இடத்தை விரலால் தடவினார். அடிதடி வரும் என்று நான் ஒரு காலை வீட்டுப் பக்கம் வைத்திருந்தேன்.

"நேர் எதிர்ல அளந்து ஒட்டியிருக்கீங்க. கெடுக்கறதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு அளவு?"

"கோணலா ஒட்டினா சக்கரம் ஆடும்ல."

சின்ன அத்தானுக்குக் கோபம் இருந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. பெரிய அத்தான் அதற்குள் மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். சுற்றளவு தொண்ணூற்றைந்து என்றால் குறுக்களவு ஓர் அடிதான் வரும், அது தன் மகள் ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி என்றார். இத்தனை கிலோமீட்டரும் அப்பா அந்தப் பொம்மை வண்டியில்தான் போய் வந்ததாக மீட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே என்று பெரிய அத்தான் சொன்னதும் சின்ன அத்தானின் சிரிப்பு நின்றது. "உங்ககிட்டயா? நான் எதைத் தொட்டாலும் மாமா என்ன சொல்றாரு தெரியுமா? பெரிய மாப்ளையா இருந்தா சத்தத்தை வச்சே சொல்லிடுவாரும்பாரு. தினம் இதே பாட்டு. நீங்க வந்தா வாசலுக்கு வர்றாரு. நான் வந்தா உள்ள இருந்தே வாங்கன்றாரு."

பெரிய அத்தான் இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா அப்படிச் சொன்னாரா என்று இன்னொரு தரம் கேட்டார். எந்த வார்த்தையில் சொன்னார் என்றும் கேட்டார். அவர் கேட்டதில் வருத்தம் எவ்வளவு, ருசி எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். தன் வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு மாப்பிள்ளைகளும் தோளுரச உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "என் வண்டிகிட்ட என்னை விட்டுட்டு என்ன கூட்டம்?" என்றார். செட்டிங் நகர்ந்துவிட்டது, மறுபடி அளக்க வேண்டும் என்றார்கள். ஏறி உட்கார்ந்தார். இந்த முறை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி ஒரே ஒரு சுற்று உருட்டினோம். என் போனும் மீட்டரும் ஒன்றாய்ப் பேசின. அப்பா மட்டும் என்னைத் தனியே அழைத்து, உண்மையிலேயே எழுபத்தெட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். போன்தான் தப்பு என்றே அம்மா நினைக்கட்டும், சொல்லாதே என்றார். இரண்டு நாள் கழித்து அவரே சொல்லிவிட்டார், அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது சின்ன அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், தானும் அவ்வப்போது வந்து வண்டியைப் பார்த்துக்கொள்ள அந்த இரண்டாவது சாவி கிடைக்குமா என்று. பெரிய அத்தானின் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு, "இது எதுக்கு, பழசு. உங்களுக்கு நானே புதுசா வெட்டித் தரேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். பளபளவென்று மூன்றாவது சாவி, ஓரமெல்லாம் மழமழவென்று தேய்த்து, புது வளையத்தோடு. சின்ன அத்தானுக்கு அத்தனை சந்தோஷம். அதை வைத்து நானும் வண்டியை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் திருகினால் திரும்பாது. வெளியே இழுத்து, லேசாகத் தூக்கிப் பிடித்து, மூன்றாவது திருகலில்தான் பூட்டு மனமிரங்கும். பெரிய அத்தானின் சாவி வெண்ணெயில் கத்தி மாதிரி திரும்புகிறது.

ஒரு நூல் பிசகினால் கழிவுப் பெட்டியில் போடுகிறவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"புதுச் சாவிதானே. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."